ஓட்டுப் பள்ளிக்கூடத்தை இடிக்காமல் வைத்துக்கொள்ள

பழைய பள்ளிக்கூடத்தின் சீமை ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் 1865 என்று பதிந்திருக்கும். உடனே ஊரில் யாராவது ‘கட்டிய ஆண்டு 1865’ என்று பலகை எழுதி மாட்டிவிடுவார்கள். பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ அமைப்பினர் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம் அது. கம்பெனி முத்திரையோடு சேர்ந்த எண் என்பதால் 1910இல் சுட்ட ஓட்டிலும் 1865தான் இருக்கும். பழைய ஓட்டுப் பள்ளிக்கூடத்தைப் பழுதுபார்த்து அதில் ஊர் அருங்காட்சியகம் வைக்கப்போகிறவர்கள் முதல் பலகையிலேயே தப்பு எழுதக் கூடாது என்பதற்காக இதிலிருந்து தொடங்குகிறேன்.

வயதை வேறு வழியில் கண்டுபிடிக்கலாம். முதல் சேர்க்கைப் பதிவேடு, ஆய்வாளர் கையெழுத்திட்ட பார்வைப் பதிவேடு, நில ஆவணம் மூன்றையும் ஒப்பிடுங்கள். கட்டடத்துக்குள் கிடக்கும் பொருள்களும் பேசும். கணக்கு நோட்டில் ரூபாய், அணா, பைசா என்று இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது; அந்த மாதம்தான் நயா பைசா வந்தது. வரைபடத்தில் ‘சென்னை மாநிலம்’ என்றிருந்தால் 1969க்கு முன்னால் அச்சானது. சுவரில் எழுதிய வாசகத்தில் லை, ணை எல்லாம் துதிக்கை போட்ட பழைய வடிவில் இருந்தால், அநேகமாக 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் எழுதியது. அந்த வாசகத்தின் மேல் தயவுசெய்து பெயின்ட் அடிக்க வேண்டாம். ‘பளிச்சென்று இருக்கட்டும்’ என்று புதிதாக எழுதிவிட்டால் அதற்கப்புறம் அது வெறும் பொன்மொழிதான்.

இப்போது அவசரம் ஏன் என்றால், 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை மாநிலம் முழுக்க வேகமெடுத்தது. ஆபத்தான கட்டடத்தை இடிக்கத்தான் வேண்டும்; அதில் வாதமில்லை. ஆனால் அந்தப் பட்டியலில், ஓட்டை மாற்றி, கூரையைத் தாங்கும் சாய்வு மரமான கைமரத்தை ஒட்டுப் போட்டால் இன்னும் அறுபது வருஷம் நிற்கக்கூடிய சுண்ணாம்புக் கட்டடங்களும் சேர்ந்துவிடுகின்றன. கான்கிரீட் மட்டுமே படித்த பொறியாளர் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்ததும் ‘உறுதி இல்லை’ என்று எழுதுவது வழக்கம். ஆகவே பழங்கட்டடங்களில் வேலை செய்த கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள். அவர் இடிக்கச் சொன்னால் இடித்துவிடுங்கள். அதற்கு முன்னால் எல்லாச் சுவரையும் அளந்து, படம் எடுத்து, நிலைக்கதவையும் ஓட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

யார் சொத்து என்பது அடுத்த கேள்வி. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி என்றால் கோப்பு வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) அலுவலகத்தில்தான் நகரும். உதவி பெறும் பள்ளி என்றால் நிர்வாகியோ அறக்கட்டளையோ கையெழுத்துப் போட வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம், எந்த சர்வே எண் யார் பெயரில் என்று காட்டும் அ-பதிவேடும் புல வரைபடமும் வாங்கிப் பாருங்கள். பள்ளிக்கூடம் நிற்கும் இடம் ஒரு சர்வே எண்ணிலும் விளையாட்டு மைதானம் வேறொரு எண்ணிலும் இருப்பது சகஜம். யாரோ நூறு வருஷம் முன்பு வாய்வார்த்தையாகக் கொடுத்த நிலம் இன்னும் அவர் பெயரிலேயே இருந்து, பேரன்கள் நாளைக்கு வந்து நிற்கலாம். இது தெளிந்த பிறகு கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் ஒன்றைக் குறிவைக்கலாம். தீர்மானத்தில் ‘பாதுகாக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எந்த அறை எதற்கு, மின்கட்டணம் யார், சாவி யாரிடம் என்பது வரை எழுதுங்கள்.

வேலையின் வரிசை மாறக் கூடாது: கூரை, மழைநீர் வடிகால், சுவர், தரை, மின்சாரம், கடைசியாக வெள்ளை. பெரும்பாலான ஊர்களில் தலைகீழாகத்தான் நடக்கிறது. திறப்பு விழாவுக்காக முதலில் பெயின்ட், பிறகு டைல்ஸ், பணம் மிஞ்சினால் கூரை. மழை அந்த வரிசையை மதிப்பதில்லை.

கூரைக்குக் கணக்கு இப்படி. நாற்பது அடிக்கு இருபது அடி ஹாலுக்கு, சுற்றிலும் சுவருக்கு வெளியே நீளும் இரண்டடி இறவாணமும் முப்பது பாகை சாய்வும் சேர்த்தால் கூரைப் பரப்பு சுமார் 1,220 சதுர அடி. நூறு சதுர அடிக்கு 150 சீமை ஓடு என்று வைத்தால் 1,830 ஓடு. ஓடு ஒன்று இரண்டரை முதல் மூன்று கிலோ. மொத்தம் ஐந்து டன் பக்கம் வரும். மழையில் நனைந்தால் இன்னும் அரை டன்னுக்கு மேல் ஏறும். இவ்வளவு எடையை ஒரு பக்கமாக மட்டும் இறக்கினால் கைமரங்கள் மறுபக்கம் தள்ளிச் சுவர் தலையை வெளியே உதைக்கும். அதனால் இரண்டு சாய்விலும் ஆள் நிறுத்தி, வரிசைக்கு வரிசை சமமாக இறக்க வேண்டும். ஏற்றும்போதும் அப்படியே.

இறக்கிய ஓட்டை முத்திரை வாரியாகப் பிரித்து அடுக்குங்கள். ஒரு கம்பெனி ஓட்டின் பள்ளமும் இன்னொரு கம்பெனி ஓட்டின் மேடும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், ஆனால் சரியாகப் பொருந்தாது. கலந்து போட்ட கூரை முதல் மழைக்கே ஒழுகும், கொத்தனாரைத் திட்டுவோம். ஒரே முத்திரையை ஒரே சாய்வில் போட்டால் பிரச்சினை இல்லை. ஒவ்வொரு ஓட்டையும் விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் வைத்துக்கொள்ளலாம், பொத்தென்றால் உள்ளே கீறல். எவ்வளவு கவனமாக இறக்கினாலும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து உடையும் என்று வைத்துக்கொண்டு, இடித்த வீடுகளிலிருந்து அதே முத்திரையை முன்பே தேடிச் சேர்த்துவிடுங்கள். ஓடு உட்காரும் குறுக்குச் சட்டமான ரீப்பரின் இடைவெளிக்குப் புத்தகத்தில் 32 செ.மீ. என்றிருக்கும். அதை நம்பி ஆணி அடிக்க வேண்டாம். கையிலிருக்கும் ஓட்டில் பதினொன்றைத் தரையில் கோத்து, முதல் ஓட்டின் தலையிலிருந்து கடைசி ஓட்டின் தலைவரை, நன்றாக நெருக்கி ஒருமுறையும் நன்றாக இழுத்து ஒருமுறையும் அளந்து, சராசரியைப் பத்தால் வகுத்தால் உங்கள் ஓட்டுக்கான இடைவெளி கிடைத்துவிடும்.

கைமரத்தில் பார்க்க வேண்டிய இடம் நடுவில் இல்லை, நுனிகளில். சுவர்மேல் உட்காரும் முனையும் முகட்டில் சேரும் முனையும்தான் முதலில் போகும். திருப்புளியால் குத்துங்கள். நல்ல தேக்கில் நுனி இறங்காது. உளுத்த மரத்தில் வெண்ணெய்போல் இறங்கும். நுனி மட்டும் போயிருந்தால் முழுக் கைமரத்தையும் மாற்ற வேண்டாம். நல்ல மரம் வரும்வரை சாய்வாக வெட்டி, அதே ஜாதி காய்ந்த மரத்தை ஒட்டுப் போட்டு, துருப்பிடிக்காத போல்ட்டால் இறுக்க ஆசாரிக்குத் தெரியும். போல்ட்டின் கனமும் ஒட்டின் நீளமும் பொறியாளர் சொல்ல வேண்டியது. உத்திர முனையைச் சுவருக்குள் கலவை வைத்து அடைத்துவிடுவதுதான் பெரிய பிழை. மூன்று பக்கமும் ஓர் அங்குலம் காற்று இடைவெளி விட்டு, அடியில் கருங்கல் பலகை கொடுத்தால் மரம் மூச்சு விடும். அடைத்தால் சுவரின் ஈரம் முழுக்க அந்த முனையில் இறங்கும்.

கரையானுக்குக் கைமரத்தில் மருந்து பூசுவது பாதி வேலை. அது தரையிலிருந்து சுவர் வழியாக ஏறி வருகிறது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓரடிக்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு மருந்து இறக்க வேண்டும். இமிடாகுளோப்ரிட் 30.5 சதவீதக் கரைசல் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. உரிமம் பெற்ற ஆளை வைத்தே செய்யுங்கள். பக்கத்தில் கிணறோ அடிபம்போ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடலோர, டெல்டா ஊர்களில் ஓரத்து ஓடுகளையும் கீழ் மூன்று வரிசையையும் கம்பியால் ரீப்பரோடு கட்டிவிடுவது நல்லது. கஜா புயலைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. காற்று ஓட்டை மேலிருந்து அழுத்துவதைவிட இறவாணத்தின் அடியில் புகுந்து தூக்குவதுதான் அதிகம். குரங்குக்கு மட்டும் இன்னும் யாரும் வழி கண்டுபிடித்த மாதிரித் தெரியவில்லை.

ஓட்டுக்குப் பதில், மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிக் கலவை போட்ட கட்டைக்குத்துத் தளம் உள்ள கட்டடமாக இருந்தால், ஒழுகும்போதெல்லாம் மேலே ஒரு பூச்சு என்று எத்தனை அடுக்கு ஏறியிருக்கிறது என்று முதலில் துளை போட்டுப் பாருங்கள். நான்கு அங்குலக் கலவை ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 190 கிலோ. ஒழுகலை நிறுத்தப் போட்ட அடுக்கே கட்டையை வளைத்திருக்கும்.

இனி சுவர். பழைய பள்ளிக்கூடத்தைக் கொல்வதில் மழைக்கு அடுத்தது சிமென்ட். ஒன்றரை அடிச் செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது வெளியே ஆவியாகிப் போகும். அதன்மேல் சிமென்ட் பூசினால் வெளியேற வழி இல்லாமல் ஈரம் மேலே ஏறுகிறது. முட்டளவு இருந்த ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம், மார்பளவு வருகிறது. கூடவே உப்பும். உப்பு செங்கலின் துளைகளுக்குள் படிகமாகி அதைப் பொடியாக்கும். ஐந்தாறு வருஷத்தில் சிமென்ட் பூச்சு பலகை பலகையாக விழும்போது செங்கலின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். ‘பழைய செங்கல், அதான் உதிருது’ என்று சொல்லி அதே இடத்தில் இன்னும் கெட்டியான சிமென்டைப் பூசுவார்கள்.

ஓதத்துக்கு மருந்து சுவரில் இல்லை, வெளியே இருக்கிறது. வருஷா வருஷம் ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, பள்ளிக்கூடம் பள்ளத்தில் நிற்கும். சுவரைச் சுற்றிப் போட்ட சிமென்ட் தளத்தை உடைத்து எடுங்கள். வெளித்தரை உள்தரையைவிட அரையடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். சுவரை ஒட்டி ஓரடி அகலத்தில் ஜல்லி நிரப்பிய கால்வாய் வெட்டி, நாற்பதுக்கு ஒன்று சரிவில் தண்ணீரை வெளியே கொண்டுபோங்கள். பிறகு உள்ளே, ஓதக் கோட்டுக்கு மேல் ஓரடிவரை சிமென்ட் பூச்சைக் கொத்திவிட்டுச் சுவரைக் காயவிடுங்கள். கனத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. இரண்டு பக்கமும் திறந்திருந்தால் அதில் பாதி. பதினெட்டு அங்குலச் சுவர் என்றால் ஒன்பது மாதம். இதைக் கேட்டதும் விழாக் குழுவின் முகம் மாறும். அவசரப்பட்டுப் பூசினால் அடுத்த வருஷம் இதே வேலை. சிமென்ட் எங்கேயாவது இறுகப் பிடித்திருந்து, கொத்தினால் செங்கல் முகமும் வரும் என்று தெரிந்தால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுவது மேல்.

கலவைக்குக் கல் சுண்ணாம்போ கிளிஞ்சல் சுண்ணாம்போ, சுட்ட கட்டியாக வாங்குங்கள். கடையில் மூட்டையில் கிடக்கும் தூள் பல மாதக் காற்றுப் பட்டுச் செத்திருக்கும். சிட்டிகை எடுத்து வினிகர் விட்டால் பொங்கி நுரைக்கிறதா, அது செத்த சுண்ணாம்பு. நீற்றும்போது தொட்டியில் தண்ணீரை ஊற்றிவிட்டு அதில் கட்டியைப் போட வேண்டும். கட்டியின்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் தொட்டிப் பக்கம் விடாதீர்கள். நீறிய சுண்ணாம்பைச் சல்லடையில் வடித்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்க மூன்று நான்கு வாரமாவது புளிக்க வையுங்கள். அவசரத்தில் பாதி நீறிய கட்டி கலவைக்குள் போனால், பூசி மாதங்கள் கழித்து அது சுவருக்குள்ளேயே நீறி உப்பி, அம்மைத் தழும்புபோல் குழிகுழியாகப் பொரியும்.

அடிப்பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு சுர்க்கி, இரண்டு பங்கு மணல் என்று தொடங்கலாம். சுர்க்கி என்பது செங்கல் தூள்தான். ஆனால் இளஞ்சூட்டில் வெந்த செங்கலாக இருக்க வேண்டும். கருக வெந்த செங்கலின் தூள் சுண்ணாம்போடு சேராமல் வெறும் மணலாக நிற்கும். மணலைக் கண்ணாடி பாட்டிலில் உப்புத் தண்ணீரோடு குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மேலே படியும் வண்டல் நூற்றில் எட்டுக்கு மேல் போனால் கழுவ வேண்டும். எம்-சாண்டில் இந்தத் தொல்லை அதிகம்.

கடுக்காய், வெல்லம் பற்றி ஆளாளுக்கு ஒரு ரகசியம் சொல்வார்கள். நூறு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு கிலோ கடுக்காயை உடைத்துப் போட்டுச் சில நாள் ஊறவிட்டு, அதே அளவு வெல்லம் சேர்த்துச் சோதனைக்குத் தொடங்குங்கள். கலவை இளகி வழுக்கிக்கொண்டு வரும். தண்ணீர் குறைவாகப் போதும். அதனால் வெடிப்பு குறையும். வெல்லம் கூடினால் இறுகவே நாளாகும், எறும்பும் வரும். பின்சுவரில் இரண்டடிச் சதுரமாக மூன்று நான்கு கலவை பூசி, ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. சுவரை நனைத்துவிட்டுப் பூசி, ஈரச் சாக்குத் தொங்கவிட்டு ஒரு வாரம் பத்து நாள் வெயில் படாமல் காப்பாற்ற வேண்டும். தை பிறந்து வேலை தொடங்கினால் சித்திரை வெயிலுக்கு முன் பூச்சு முடியும். கடைசியில் சுண்ணாம்பு வெள்ளை, பால் பதத்தில் மூன்று நான்கு மெல்லிய பூச்சு. மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் இத்தனையும் வீண். அதுவும் ஒரு மூடிதான்.

சுவர்க் கரும்பலகையைப் பெயர்க்காதீர்கள். கோவை இலையையும் கரியையும் அரைத்துப் பூசிய பலகை என்றால் அதையே மறுபடி பூசி, கூட்ட அறிவிப்பு எழுதப் பயன்படுத்தலாம். மின்கம்பிக்குச் சுண்ணாம்புச் சுவரில் காடி வெட்ட வேண்டாம். வெளிக்குழாயில் கொண்டுபோய் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று வையுங்கள். மரக்கூரையில் தீப்பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டாம்.

முழுக் கட்டடத்தையும் அருங்காட்சியகமாக்குவது என் பார்வையில் தவறு. ராஜ்கோட்டில் காந்தி படித்த உயர்நிலைப் பள்ளி 2018இல் அருங்காட்சியகமானது. அதற்குக் காந்தியின் பெயரும் அரசுப் பணமும் பார்வையாளரும் உண்டு. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வெளியூர்க்காரர் எத்தனை பேர் வரப்போகிறார்கள்? ஆறு மாதத்தில் பூட்டிவிடுவார்கள். பூட்டிய கட்டடத்தில் ஓடு நழுவியது யாருக்கும் தெரியாது. ஆகவே பெரிய ஹால் ஊருக்கு: நாளிதழ், மாலை வகுப்பு, சுய உதவிக் குழுக் கூட்டம், மருத்துவ முகாம். ஓரத்து அறை மட்டும் காட்சிக்கு. சமையலும் பந்தியும் உள்ளே கூடவே கூடாது. சோறு விழுந்தால் எலி வரும், எலி வந்தால் பதிவேடு போகும். பந்தல் கயிற்றைத் தூணில் கட்டுவதையும் முதல் நாளே தடுத்துவிடுங்கள். கழிப்பறை தனியே, சுவரை ஒட்டாமல்.

காட்சி அறைக்கு ஊரே பொருள் கொண்டுவந்து கொட்டும். கெட்டி அட்டை நோட்டில் வரிசை எண், பொருள், கொடுத்தவர், தேதி, கையெழுத்து என்று எழுதாமல் எதையும் உள்ளே விடாதீர்கள். கொடையா இரவலா என்பது முக்கியம். எழுதாமல் வாங்கிய மரக்காலுக்கும் குத்துவிளக்குக்கும் பத்து வருஷம் கழித்துச் சண்டை வரும். இரவல் என்றால் திருப்பித் தரும் தேதியும் வேண்டும். முப்பது படி, நாற்பது உரல் வாங்கி என்ன செய்வது? நல்லதாக ஒன்று, கதை தெரிந்ததாக ஒன்று போதும். வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள். நிலத்திலிருந்து எடுத்த காசு, சிலை என்று யாராவது கொண்டுவந்தால் வாங்கி வைக்க முடியாது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வருஷம் தாண்டிய சிலைகளுக்கு 1972 தொல்பொருள் சட்டத்தில் பதிவும் உண்டு.

பதிவேடுகளின் அசல் கல்வித் துறையுடையது. அனுமதி வாங்கி ஸ்கேன் செய்து, பிரதியைக் காட்சிக்கு வையுங்கள். அதில் சாதியும் பிறந்த தேதியும் தகப்பன் தொழிலும் இருக்கும். உயிரோடு இருப்பவர்களின் பக்கத்தைத் திறந்து வைக்காதீர்கள். அசல் தாளையும் துணியையும் காட்டத்தான் வேண்டும் என்றால் 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் வேண்டாம், ஜன்னல் வெயில் படவே கூடாது. பூச்சி விழுந்த புத்தகத்தை பிளாஸ்டிக் பையில் காற்றெடுத்து ஒட்டி, ஐஸ்கிரீம் ஃப்ரீசரில் மைனஸ் 20 பாகையில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பிரிக்காமல் ஒருநாள் வெளியே வைத்தால்தான் தாளில் தண்ணீர் கோக்காது. எண்ணைத் தாளில் பென்சிலால் எழுதலாம், செல்லோடேப் ஒட்டக் கூடாது. அந்தப் பசை காய்ந்து மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கினால் எடுக்க முடியாது.

திறந்த பிறகு வருஷ வேலை கொஞ்சம்தான். ஆவணி கடைசியில் ஒருவர் ஏணி வைத்து ஏறி, நழுவிய ஓட்டை ஏற்றி, இறவாணத்துச் சருகை வாரி, சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுக்க வேண்டும். கல்கால்வாயில் மண் அடைத்திருந்தால் ஐப்பசி மழைக்கு முன் அள்ளுங்கள். ஓடு நூற்றைம்பதாவது பின்கட்டில் இருப்பு இருக்கட்டும். சாவி இரண்டு: ஒன்று ஊராட்சி அலுவலகத்தில், இன்னொன்று விடியற்காலையே திறக்கும் எதிர் டீக்கடையில். எங்கே இருக்கிறது என்பதைக் கதவிலேயே எழுதிவிடுங்கள்.